ஜிப் நொடியும் ஜிசிபி நொடியும்: 505 மாடலில் சிபியு நேரத்தை எப்படிக் கூட்டுவது?

கணக்குப்பிள்ளை (கேள்வி)

வணக்கம் நண்பர்களே.

மெஷின் ஐபிஎம் மெயின்ஃபிரேம் இசட்13, மாடல் 505. ஐந்து ஜிசிபி (பொதுப் புராசசர்), கூடவே 2 ஜிப் (ஜாவா போன்ற குறிப்பிட்ட வேலைகளுக்கான சிறப்பு புராசசர்). ஜிப் இரண்டும் எம்டி-1 முறையில் (ஒரு கோருக்கு ஒரு இழை) ஓடுகின்றன. இரவு பேட்சில் ஒரு ஜாவா ஸ்டெப். இரண்டு இரவுகளிலும் உள்ளீட்டு ரெக்கார்டுகளின் எண்ணிக்கை ஒன்றே, புரோகிராமும் மாறவில்லை. எஸ்எம்எஃப் 30-இன் (சிஸ்டம் எழுதும் கணக்குப் பதிவு) ஸ்டெப் முடிவு ரெக்கார்டில் வந்த நேரங்கள் (எல்லாம் நொடியில்):

செவ்வாய்: எஸ்எம்எஃப்30சிபிடி (ஜிசிபியில் ஓடியது) 120, எஸ்எம்எஃப்30_டைம்_ஆன்_ஜிப் (ஜிப்பில் ஓடியது) 300, எஸ்எம்எஃப்30_டைம்_ஜிப்_ஆன்_சிபி (ஜிப்புக்குத் தகுதியிருந்தும் ஜிசிபியில் ஓடியது) 40.

புதன்: அதே வரிசையில் 351, 199, 270.

சிபிடியையும் ஜிப் நேரத்தையும் கூட்டினால் செவ்வாய்க்கு 420, புதனுக்கு 550. ஒரே வேலைக்கு 130 நொடி எங்கிருந்து கூடியது? அப்ளிகேஷன் தரப்பு "எங்கள் கோடில் ஒன்றும் மாறவில்லை" என்கிறது, அதுவும் உண்மைதான்.

இதோடு சேர்ந்த இரண்டு கேள்விகள்: ஜிப்புக்குப் போக வேண்டிய வேலை ஜிசிபிக்கு வழிந்த சதவீதத்தை எப்படிச் சரியாகக் கணக்கிடுவது? மூன்றாவது ஜிப் வாங்க வேண்டுமா என்பதை எந்த எண்ணை வைத்துச் சொல்வது?

---

கொள்ளளவு

130 நொடி எங்கிருந்தும் வரவில்லை. இரண்டு வேறு நாணயங்களை மாற்று விகிதம் போடாமல் கூட்டியிருக்கிறீர்கள்.

505 என்பதில் முதல் இலக்கம் வேகப்படி, கடைசி இரண்டு இலக்கம் ஜிசிபி எண்ணிக்கை. இசட்13-இல் 7 படிதான் முழு வேகம். ஒரு ஜிசிபி கணக்கில் 6 படி அதில் சுமார் 63 சதவீதம், 5 படி சுமார் 44, 4 படி சுமார் 15. ஆனால் ஜிப், ஐஎஃப்எல், ஐசிஎஃப் போன்ற சிறப்பு புராசசர்கள் எந்த மாடலில் இருந்தாலும் முழு வேகத்தில்தான் ஓடும். ஆக உங்கள் மெஷினில் ஒரே சிப்பில் பக்கத்துப் பக்கத்துக் கோர்களாக இருந்தாலும், ஜிப் ஒரு நொடியில் முடிப்பதை ஜிசிபி முடிக்க ஏறக்குறைய 2.27 நொடி ஆகும்.

இந்த மாற்று விகிதத்தை நீங்கள் ஊகிக்க வேண்டியதில்லை, ரெக்கார்டிலேயே இருக்கிறது. எஸ்எம்எஃப் 30-இன் புராசசர் அக்கவுண்டிங் பகுதியில் எஸ்எம்எஃப்30எஸ்என்எஃப் என்ற ஃபீல்டைப் பாருங்கள். அது 256-ஆல் பெருக்கி வைக்கப்பட்ட எண். சூத்திரம்:

ஜிசிபிக்குச் சமமான நேரம் = டைம்_ஆன்_ஜிப் × எஸ்என்எஃப் ÷ 256

முழு வேக 7 படி மெஷினில் இது 256 என்றே இருக்கும், அதாவது விகிதம் 1. அங்கே பழகியவர்கள் உருவாக்கிய ரிப்போர்ட்டை 4, 5, 6 படி மெஷினுக்குக் கொண்டுவரும்போதுதான் இந்தத் தவறு வெளியே தெரியும். அதுவரை கூட்டல் தற்செயலாகச் சரியாக வந்துகொண்டிருந்திருக்கும்.

பக்கத்தில் எஸ்எம்எஃப்30இசட்என்எஃப் என்று இன்னொன்று இருக்கும். அது ஜாப்புக்கானது (2004-இல் இசட்990-உடன் வந்த ஜாவா புராசசர், பழைய ஃபீல்டு பெயர்களில் வரும் ஐஎஃப்ஏ இதுதான்). இசட்13 முதல் ஜாப் கிடையாது, அதன் வேலையை ஜிப்பே செய்கிறது. பெயரில் இசட் இருப்பதால் ஜிப்புடையது என்று நினைத்து அதை எடுத்துவிடாதீர்கள். உங்கள் எஸ்என்எஃப் மதிப்பு என்ன?

---

கணக்குப்பிள்ளை

நன்றி. ரெக்கார்டை ஹெக்ஸில் பார்த்தேன்: 00000244. தசமத்தில் 580. இரண்டு நாளும் அதேதான்.

---

கொள்ளளவு

அப்படியானால் விகிதம் 580 ÷ 256 = 2.266. இப்போது போடுவோம்.

செவ்வாய்: 300 × 2.266 = 679.7. இதோடு சிபிடி 120 சேர்ந்தால் 799.7.

புதன்: 199 × 2.266 = 450.9. இதோடு சிபிடி 351 சேர்ந்தால் 801.9.

வித்தியாசம் 0.3 சதவீதம்கூட இல்லை. வேலை மாறவில்லை, அப்ளிகேஷன் தரப்பு சொன்னது சரி. புதன் இரவு ஏறக்குறைய 100 ஜிப் நொடி வேலை ஜிசிபிக்கு வழிந்திருக்கிறது, அது அங்கே போய் 230 நொடியாக வீங்கியிருக்கிறது. அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டிய ஒன்று: ஜிப்_ஆன்_சிபி நேரம் ஏற்கெனவே சிபிடிக்குள் இருக்கிறது. அதைத் தனியாக மூன்றாவதாகக் கூட்டக் கூடாது. அது ஜிசிபியில் ஓடிய நேரம் என்பதால் அதற்கு எஸ்என்எஃப் பெருக்கலும் கிடையாது.

வழிந்த சதவீதத்துக்கு மேலேயும் கீழேயும் ஒரே அலகு இருக்க வேண்டும்:

செவ்வாய்: 40 ÷ (40 + 679.7) = 5.6 சதவீதம்
புதன்: 270 ÷ (270 + 450.9) = 37.5 சதவீதம்

மாற்றாமல் போட்டால் 11.8, 57.6 என்று வரும். இரண்டுமே நிலைமையை மிகைப்படுத்துகின்றன. மெஷினின் ஜிசிபி எவ்வளவு மெதுவோ அவ்வளவு மிகை.

சரிபார்க்க இன்னொரு வழி, ஜிப்புக்குத் தகுதியான பங்கு. செவ்வாய் (679.7 + 40) ÷ 799.7 = 90.0. புதன் (450.9 + 270) ÷ 801.9 = 89.9. ஒரே புரோகிராம், ஒரே தரவு என்றால் இந்தப் பங்கு அசையக் கூடாது. எங்கே ஓடியது என்பது இரவுக்கு இரவு மாறும், எதற்குத் தகுதி என்பது மாறாது. உங்கள் தினசரி ரிப்போர்ட்டில் இந்த ஒரு பத்தியைச் சேர்த்துவிடுங்கள். அது திடீரென 90-இலிருந்து 70-க்கு இறங்கினால் அன்றுதான் கோடில் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள், பெரும்பாலும் ஜேஎன்ஐ (ஜாவாவிலிருந்து பிற மொழிக் கோடுக்குப் போகும் வழி) மூலம் நேட்டிவ் கோடை அழைக்கும் லைப்ரரி ஒன்று புதிதாக உள்ளே வந்திருக்கும்.

---

மூன்றாம்_ஷிஃப்ட்

ஒரு குறுக்குக் கேள்வி. இவ்வளவு சுற்று எதற்கு? கோர் கடிகார வேகம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே? இசட்13-க்கு 5.0 கிகாஹெர்ட்ஸ் என்றுதானே போட்டிருக்கிறது?

---

கொள்ளளவு

கடிகாரம் ஒன்றேதான். 401-க்கும் அதே 5.0, 701-க்கும் அதே 5.0. குறைந்த படியில் ஜிசிபிக்குக் கிடைக்கும் பயனுள்ள வேகத்தைத்தான் மெஷின் மட்டுப்படுத்துகிறது. அதனால் கிகாஹெர்ட்ஸ் எண்ணை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. ஒரே தலைமுறைக்குள்ளும் முடியாது, தலைமுறைகளுக்கு இடையிலும் முடியாது: இசட்இசி12 5.5 கிகாஹெர்ட்ஸ், அதற்குப் பின் வந்த இசட்13 5.0 கிகாஹெர்ட்ஸ், ஆனாலும் ஒரு முழு வேக ஜிசிபியின் கொள்ளளவு இசட்13-இல்தான் அதிகம்.

இன்னொன்றும் இதில் அடங்கியிருக்கிறது. சிபியு நேரம் என்பது நேரம், வேலையின் அளவு அல்ல. மெதுவான ஜிசிபியில் அதே இன்ஸ்ட்ரக்‌ஷன்கள் ஓட அதிக நொடி பதிவாகும்.

---

டிடிஎஃப்_தம்பி

கொள்ளளவு அண்ணா சொன்னது பேட்சுக்கு அப்படியே பொருந்தும். டிபி2 (ஐபிஎம்மின் டேட்டாபேஸ்) பக்கம் வந்தால் மூன்று இடங்களில் தடுக்கி விழ வாய்ப்பு உண்டு.

ஒன்று, எங்கே பெருக்குவது என்பது. எஸ்எம்எஃப் 30-இல் ஜிப் நேரம் மாற்றப்படாமல் இருக்கிறது, காரணியும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆர்எம்எஃப் (செயல்திறன் அளவீட்டுக் கருவி) எழுதும் எஸ்எம்எஃப் 72 சப்டைப் 3-இலும் அப்படியே. அங்கே காரணியின் பெயர் ஆர்723என்எஃப்எஃப்எஸ், அதையும் பெருக்கி 256-ஆல் வகுக்க வேண்டும். ஆனால் ரெக்கார்டுகளைப் படித்துத் தரவுக்கிடங்கில் ஏற்றும் கருவிகளில் சில, படிக்கும்போதே பெருக்கிவிடுகின்றன. அதன் மேல் நீங்களும் பெருக்கினால் 2.27 என்பது 5.13 ஆகிவிடும். இதைப் பிடிக்க எளிய சோதனை: எம்டி-1-இல், ஒரு எல்பாரில் (மெஷினைப் பிரித்த தனிப் பகுதி), 15 நிமிட இடைவெளியில் எல்லா வேலைகளின் ஜிப் நேரத்தையும் கூட்டுங்கள். 2 ஜிப் இருந்தால் அது 1,800 நொடியைத் தாண்டவே முடியாது. தாண்டினால் யாரோ ஏற்கெனவே பெருக்கிவிட்டார்கள். பரபரப்பான இடைவெளியை எடுத்துச் சோதியுங்கள், சும்மா கிடக்கும் நேரத்தில் இரட்டைப் பெருக்கல்கூட வரம்புக்குள் அடங்கிவிடும்.

இரண்டு, என்கிளேவ் நேரம். டிடிஎஃப் வேலை (வெளியிலிருந்து டிபி2-வுக்கு வரும் கோரிக்கைகள்) என்கிளேவ் எஸ்ஆர்பி என்ற தனிச் செயலாக்க அலகில் ஓடுகிறது. எஸ்எம்எஃப்30_என்கிளேவ்_டைம்_ஆன்_ஜிப் என்று தனி ஃபீல்டு இருப்பதைப் பார்த்து, அதை டைம்_ஆன்_ஜிப்போடு கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள், மொத்தத்துக்குள் அதுவும் இருக்கிறது.

மூன்று, டிடிஎஃப்பின் தகுதிப் பங்கு. டிஆர்டிஏ (தொலைவிலிருந்து டேட்டாபேசை அணுகும் நெறிமுறை) வழியாக வரும் எஸ்க்யூஎல் வேலையில் 60 சதவீதம் வரைதான் ஜிப்புக்குத் தகுதி. இந்த 60-ஐ ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனிலும் தேடினால் கிடைக்காது, ஒன்றில் அதிகம் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒரு மணிநேரத் திரட்டில் பாருங்கள். மாற்றாமல் பார்த்தால் 5 படி மெஷினில் 60 என்பது 40 போலத் தெரியும் (60 பங்கு வேலை ஜிப்பில் 26.5 நொடி, மீதி 40 ஜிசிபியில் 40 நொடி, 26.5 ÷ 66.5 = 40 சதவீதம்). "60 வர வேண்டியது 40தான் வருகிறது, டிபி2-வில் ஏதோ கோளாறு" என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இந்த வகுத்தல்தான்.

இதற்கு மாறாக, டிபி2 10 முதல் பிரீஃபெட்சும் (தரவை முன்கூட்டியே படிப்பது) டிஃபர்டு ரைட்டும் (எழுதுவதைத் தள்ளிவைத்துச் செய்வது) நூறு சதவீதம் தகுதி உள்ளவை. ஜிப் நெரிசலில் முதலில் அடிபடுவது இவைதான். டிபி2-வின் டிபிஎம்1 அட்ரஸ் ஸ்பேசில் ஜிப்_ஆன்_சிபி ஏறுகிறதா, டிபி2 அக்கவுண்டிங் கிளாஸ் 3-இல் (காத்திருப்பு நேரக் கணக்கு) மற்ற ரீட் ஐஓ காத்திருப்பு ஏறுகிறதா என்று இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

---

கணக்குப்பிள்ளை

தெளிவாகிவிட்டது. அப்படியானால் ஜிப் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் 2.266-ஆல் பெருக்கிவிட்டு மூன்றாவது ஜிப் கணக்கைப் போடலாமா? இரவு 1:00 முதல் 1:15 வரை ஆர்எம்எஃப் இடைவெளியில் ஜிப் நேரம் மொத்தம் 1,540 நொடி, ஜிசிபிக்கு வழிந்தது 400 நொடி.

---

கொள்ளளவு

இல்லை, இங்கே திசையைத் திருப்ப வேண்டும். கேள்வி எந்தப் புராசசரைப் பற்றியதோ அந்தப் புராசசரின் நொடியில் கணக்கிடுங்கள். செலவு, சார்ஜ்பேக், ஒப்பீடு, "ஜிப் இல்லாமல் போனால் ஜிசிபியில் எவ்வளவு ஆகும்" ஆகியவற்றுக்கு ஜிசிபி நொடி. ஜிப் எத்தனை வேண்டும் என்பதற்கு ஜிப் நொடி.

1,540 ஏற்கெனவே ஜிப் நொடி, அதைத் தொடாதீர்கள். வழிந்த 400-தான் ஜிசிபி நொடி. அதை ஜிப் நொடியாக்க 400 × 256 ÷ 580 = 176.6. தேவை மொத்தம் 1,716.6 ஜிப் நொடி. ஒரு ஜிப்புக்கு 900 நொடி என்றால் 1.91 ஜிப். நேரடியாக 1,540 + 400 என்று போட்டிருந்தால் 2.16 வந்து, "இரண்டு போதவே போதாது" என்ற முடிவுக்கு வந்திருப்பீர்கள்.

ஆனால் 1.91-ஐப் பார்த்து "இரண்டு போதும்" என்றும் சொல்ல முடியாது. எல்லா வேலையும் ஜிப்பிலேயே அடங்க வேண்டுமானால் இரண்டும் 95 சதவீதத்தில் ஓட வேண்டும். இரண்டே இரண்டு புராசசர் உள்ள குளத்தில் அது நடக்காது, வரிசை நீளும், ஜிப் உதவி கேட்கும், வேலை வழியும். இப்போதே 1,540 ÷ 1,800 = 85.6 சதவீதத்தில் வழிந்துகொண்டுதான் இருக்கிறது. மூன்று என்றால் 1,716.6 ÷ 2,700 = 63.6 சதவீதம். என் கணிப்பில் மூன்றாவது தேவை. இசட்13-இல் ஒரு ஜிசிபிக்கு 2 ஜிப் வரை வைக்கலாம் என்பதால் உரிமையில் தடை இல்லை.

ஆர்எம்எஃப் ஒர்க்லோடு ஆக்டிவிட்டி ரிப்போர்ட்டில் ஏபிபிஎல்% என்ற தலைப்பின் கீழ் சிபி, ஐஐபிசிபி (ஜிசிபிக்கு வழிந்தது), ஐஐபி (ஜிப்பில் ஓடியது) என மூன்று வரிகள் வரும். முதல் இரண்டும் ஜிசிபி நேரத்தில், ஐஐபி ஜிப்பின் சொந்த நேரத்தில். ஒன்றின் கீழ் ஒன்றாக அச்சாகியிருப்பதால் கூட்டத் தோன்றும். ஐஐபிசிபியை மேலே சொன்னபடி சுருக்கிவிட்டுத்தான் ஐஐபியோடு சேர்க்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை ஐஇஏஆப்ட் என்ற சிஸ்டம் அமைப்பு மெம்பரில் உள்ளன. ஐஐபிஆனர்பிரயாரிட்டி யெஸ் என்றால்தான் வழக்கமான வழிதல் நடக்கும். நோ என்று போட்டால் ஜாவா ஸ்டெப் பெரும்பாலும் ஜிசிபிக்கு வராது, ஆனால் கூடவே டிபி2 தன் சிஸ்டம் வேலைகளை ஜிப்புக்கு அனுப்புவதையே நிறுத்திவிடும். அதனால் சிஸ்டம் முழுவதற்கும் நோ போடாதீர்கள். டபிள்யுஎல்எம் (வேலைகளின் முன்னுரிமையை நிர்வகிக்கும் பகுதி) சர்வீஸ் கிளாஸ் வரையறையில் ஆனர் பிரயாரிட்டி என்ற பண்பு இருக்கிறது, அவசரமில்லாத ஜாவா பேட்சின் கிளாசுக்கு மட்டும் அங்கே நோ கொடுங்கள். ஸ்டெப்பின் மொத்த நேரம் நீளலாம், ஜிசிபி உச்சம் குறையும்.

அடுத்தது ஜிப்ஏடபிள்யுஎம்டி. ஹைப்பர்டிஸ்பேட்ச் (வேலையைச் சில புராசசர்களில் குவிக்கும் முறை) இயங்கும்போது இயல்பு மதிப்பு 3,200 மைக்ரோநொடி. வேலை இவ்வளவு காத்திருந்தால்தான் ஜிப் உதவி கேட்கும் என்று எளிமையாகப் புரிந்துகொள்ளலாம். உயர்த்தினால் வழிதல் குறையும், காத்திருப்பு கூடும். 5 படி மெஷினில் இதைக் கொஞ்சம் உயர்த்துவதில் நியாயம் உண்டு, ஏனென்றால் ஜிசிபிக்குப் போன வேலை அங்கே 2.27 மடங்கு நேரம் எடுக்கும், சற்றுக் காத்திருந்து ஜிப்பில் ஓடுவதே லாபமாக இருக்கலாம். 4 படியில் இந்த மடங்கு 6.8 வரை போகும், அங்கே இந்த முடிவு இன்னும் கனமானது.

---

அளவுகோல்

580 என்ற எண்ணை எல்லோரும் கல்வெட்டு போல எடுத்துக்கொள்வதால் ஒரு எச்சரிக்கை. அது பெயரளவு வேகங்களின் விகிதம். உங்கள் குறிப்பிட்ட புரோகிராமுக்கு ஜிசிபியிலும் ஜிப்பிலும் உண்மையில் எவ்வளவு வித்தியாசம் என்பதை அது சொல்வதில்லை. கேஷ் மிஸ் அதிகமுள்ள வேலை, எல்பாரின் ஜிப்கள் வெர்ட்டிக்கல் ஹையா (எல்பாருக்கு முழுதாகக் கிடைப்பது) மீடியமா (பங்காகக் கிடைப்பது) என்பது, அதே நேரத்தில் பக்கத்தில் ஓடுவது என்ன என்பது, எல்லாம் விகிதத்தை அசைக்கும். மாதக் கணக்குக்கு 580 போதும். ஒரு பெரிய அப்ளிகேஷனை ஜிப்பை நம்பி ஜாவாவுக்கு மாற்றுவதற்கு முன் நேரடியாக அளந்துவிடுவது நல்லது.

அளக்கும் முறை இது. சோதனை எல்பாரில் ஐஇஏஆப்ட்டில் புராஜெக்ட்சிபியு யெஸ் (ஜிப் இல்லாதபோதும் தகுதியான நேரத்தைக் காட்டும்) வையுங்கள். வேலையை ஜிப் ஆன்லைனில் இருக்கும்போது ஓட்டி 30 ரெக்கார்டை எடுங்கள். பிறகு டி எம்=சிபியு கட்டளையில் ஐ என்ற குறியோடு வரும் எண்களைப் பார்த்து, அந்த ஜிப்களை சிஎஃப் சிபியு கட்டளையால் ஆஃப்லைன் செய்து அதே வேலையை மீண்டும் ஓட்டுங்கள். விகிதம்:

(இரண்டாம் ஓட்டத்தின் ஜிப்_ஆன்_சிபி − முதல் ஓட்டத்தின் ஜிப்_ஆன்_சிபி) ÷ முதல் ஓட்டத்தின் டைம்_ஆன்_ஜிப்

இது 2.27-க்குப் பக்கத்தில் வந்தால் நல்லது. ஒவ்வொரு நிலையிலும் குறைந்தது 5 ஓட்டம் எடுத்து நடுமதிப்பைக் கொள்ளுங்கள். முதல் ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள், தரவு பஃபரில் இல்லாத முதல் ஓட்டத்தை மற்றவற்றோடு சேர்க்க முடியாது.

இதில் எல்லோரும் தவறவிடுவது ஜாவாவின் குப்பை சேகரிப்பு (ஜிசி, பயன்படாத நினைவகத்தை மீட்பது) இழைகளை. ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் மென்பொருள்) தனக்குத் தெரியும் புராசசர்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் ஜிசி இழைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. நீங்கள் ஜிப்களை ஆஃப்லைன் செய்தால் அந்த எண்ணிக்கையும் குறைந்துவிடும். அப்போது நீங்கள் அளப்பது வேக வித்தியாசத்தை மட்டுமல்ல, வேறொரு ஜிசி அமைப்பையும் சேர்த்து. எக்ஸ்ஜிசித்ரெட்ஸ் ஆப்ஷனில் இரண்டு நிலைக்கும் ஒரே எண்ணைக் கட்டிப்போடுங்கள். ஹீப் அளவையும் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் சமமாக வைத்துப் பூட்டுங்கள்.

விகிதம் எதிர்பார்த்ததை விட்டு விலகி வந்தால் எஸ்எம்எஃப் 113-ஐ (வன்பொருள் கவுண்டர் ரெக்கார்டு) திறக்கலாம். புராசசர் வாரியாக இருக்கும் அடிப்படைக் கவுண்டர்களில் பி0 சுழற்சிகள், பி1 இன்ஸ்ட்ரக்‌ஷன்கள். பி0 ÷ பி1 என்பது ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கான சுழற்சி. (பி2 + பி4) ÷ பி1 × 100 என்பது எல்1 மிஸ் சதவீதம். ஜிப் பக்கம் எல்1 மிஸ் ஜிசிபி பக்கத்தைவிடத் தெளிவாக அதிகம் என்றால், பெயரளவு விகிதம் உங்கள் வேலைக்கு ஜிப்பைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்கிறது என்று பொருள்.

---

மூன்றாம்_ஷிஃப்ட்

எங்கள் பக்கம் அடுத்த மாதம் ஜிப்பில் எம்டி-2 (ஒரு கோரில் இரண்டு இழை) போடப்போகிறார்கள். அப்போதும் இதே சூத்திரமா?

---

அளவுகோல்

சூத்திரம் அதே. எம்டி-2-இல் 30 ரெக்கார்டில் வரும் ஜிப் நேரம், எம்டி-1-இல் ஓடியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று சமப்படுத்தப்பட்ட நேரம். அதனால் எஸ்என்எஃப் பெருக்கலும் செல்லும். ஜிசிபி எப்போதும் எம்டி-1-தான்.

மாறுவது இரண்டு. ஒன்று, டிடிஎஃப்_தம்பி சொன்ன 1,800 நொடி வரம்புச் சோதனை இனி செல்லாது. இரண்டு இழைகள் சேர்ந்து ஒரு கோரிலிருந்து ஒரு நொடிக்கு மேல் சம நேரத்தைப் பிழியலாம், அதுதான் எம்டி-2-இன் நோக்கமே. ஆர்எம்எஃப் சிபியு ஆக்டிவிட்டி ரிப்போர்ட்டில் மல்ட்டித்ரெடிங் அனாலிசிஸ் பகுதியில் மேக்ஸ் சிஎஃப் (அதிகபட்சக் கொள்ளளவுக் காரணி) என்று வருவதைப் பாருங்கள். அது 1.25 என்றால் வரம்பு 1,800 × 1.25 = 2,250. இந்த எண் வேலைக்கு வேலை மாறும், ஒரு நாள் மதிப்பை வருடம் முழுக்கப் பயன்படுத்தாதீர்கள்.

இரண்டு, ஒவ்வொரு இழையும் தனித்தனியே மெதுவாகும். மொத்தம் கூடும், ஒற்றை இழையில் ஓடும் ஜாவா ஸ்டெப்பின் கடிகார நேரம் நீளும். ஆனால் அதன் சிபியு நேரம் அவ்வளவாக மாறாதது போலத் தெரியும். இரண்டையும் பார்க்காமல் சிபியு நேரத்தை மட்டும் பார்த்தால் பேட்ச் ஏன் தாமதமாகிறது என்பது பிடிபடாது. எம்டி-2-க்காக லோடு மெம்பரில் புராக்வியூ கோர் போடுவதற்கு ஐபிஎல் (சிஸ்டத்தை மறுபடி துவக்குவது) தேவை. அதன் பிறகு எம்டி_ஜிப்_மோடு 1-க்கும் 2-க்கும் இடையே செட் ஆப்ட் கட்டளையிலேயே மாற்றலாம், ஒரே இரவில் இரண்டையும் அளக்க வசதி.

---

டிடிஎஃப்_தம்பி

வேக மாற்றம் நடக்கும் நாட்களையும் குறித்துவையுங்கள். 505-இலிருந்து 605-க்கோ 705-க்கோ போனால் எஸ்என்எஃப் இறங்கும். 7 படியில் 256. மாற்றத்துக்கு முந்தைய மாதங்களின் ஜிசிபி நொடியையும் பிந்தையதையும் ஒரே வரைபடத்தில் போட்டால் எல்லா வேலையும் திடீரென இளைத்தது போல இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே கொள்ளளவு மாறினால் எஸ்எம்எஃப்30_கெபாசிட்டி_சேஞ்ச்_கவுண்ட் பூஜ்யமாக இருக்காது. அப்படிப்பட்ட ஸ்டெப்பின் நேரத்தை ஒரே எஸ்என்எஃப்பால் பெருக்கி ஒப்பிடாதீர்கள். இடைவெளி ரெக்கார்டுகளை எடுத்துத் துண்டு துண்டாகப் பெருக்குங்கள்.

இசட்15-க்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: சிஸ்டம் ரிகவரி பூஸ்ட். ஐபிஎல்லுக்குப் பின் 60 நிமிடம் வரை, ஷட்டவுனில் 30 நிமிடம் வரை. குறைந்த படி ஜிசிபிகள் அந்த நேரத்தில் முழு வேகத்தில் ஓடும். ஜிப் பூஸ்ட்டும் இருந்தால், சாதாரணமாகத் தகுதியே இல்லாத வேலையும் ஜிப்பில் ஏறும். மேலே பேசிய தகுதிப் பங்கு அந்த ஒரு மணி நேரத்தில் பொருளற்றது. அந்த இடைவெளிகளை அடிப்படைக் கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள்.

---

கணக்குப்பிள்ளை

கடைசியாக ஒன்று. நிர்வாகம் கேட்பது "ஜிப்பால் எவ்வளவு எம்எஸ்யு மிச்சம்" என்று (எம்எஸ்யு என்பது மென்பொருள் கட்டணத்துக்கான கொள்ளளவு அலகு). செவ்வாயின் 680 ஜிசிபி நொடியை மெஷினின் சர்வீஸ் யூனிட் எண்ணால் பெருக்கி எம்எஸ்யு ஆக்கலாமா?

---

கொள்ளளவு

வேண்டாம். ஒரு நொடிக்கான சர்வீஸ் யூனிட்டிலிருந்து வரும் எம்எஸ்யுவும், மென்பொருள் கட்டணத்துக்கு ஐபிஎம் ஒவ்வொரு மாடலுக்கும் வெளியிடும் எம்எஸ்யுவும் ஒன்றல்ல. இசட்990 காலத்திலிருந்தே கட்டண எம்எஸ்யு தனிப் பாதையில் குறைத்து நிர்ணயிக்கப்படுகிறது. சர்வீஸ் யூனிட் வழியாகப் போனால் மிச்சத்தைக் கூட்டிச் சொல்லிவிடுவீர்கள்.

பங்காகப் போடுங்கள். ஐந்து ஜிசிபிக்கு ஒரு மணி நேரத்தில் 5 × 3,600 = 18,000 நொடி. 680 ÷ 18,000 = 3.8 சதவீதம். 505-க்கு வெளியிடப்பட்ட எம்எஸ்யுவில் 3.8 சதவீதம்தான் அந்த ஒரு மணி நேரத்தில் தவிர்க்கப்பட்டது. 4 மணி நேர நகரும் சராசரியில் அது நான்கில் ஒரு பங்காகும், அந்தச் சராசரியின் மாத உச்சம் இந்த வேலை ஓடும் நேரத்தில் விழுந்தால் மட்டுமே பில்லில் தெரியும். உங்கள் உச்சம் பகலில் என்றால் இரவு ஸ்டெப்பை ஜிப்புக்கு அனுப்பியதில் பில் மிச்சம் பூஜ்யம். பேட்ச் சீக்கிரம் முடிகிறது என்பதே அதன் லாபம், அதை அப்படியே நிர்வாகத்துக்கு எழுதுங்கள்.

---

கணக்குப்பிள்ளை

உச்சம் காலை 10 முதல் 2 வரை, டிடிஎஃப்பால். அப்படியானால் மூன்றாவது ஜிப்புக்கான நியாயத்தை இரவு இடைவெளியில் தேடியது தவறு. பகல் இடைவெளிகளின் ஐஐபிசிபியை 256 ÷ 580-ஆல் சுருக்கி, டிபிஎம்1-ஐத் தனியாகப் பிரித்து எடுக்கிறேன். இரவு ஜாவா கிளாசுக்கு ஆனர் பிரயாரிட்டி நோ இந்த வாரம் சோதனையில் போடுகிறேன்.

---

கொள்ளளவு

அந்தச் சோதனையில் புதன் இரவு போன்ற ஒரு இரவையும் பிடித்துவிடுங்கள், நெரிசல் இல்லாத இரவில் வித்தியாசம் தெரியாது. சிபிடி 80-ஐ ஒட்டி (120 − 40, 351 − 270, அதாவது வழிந்ததைக் கழித்தது) நின்றால் அமைப்பு வேலை செய்கிறது. ஸ்டெப்பின் கடிகார நேரத்தையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.